மினியேச்சர் குதிரைக்குட்டிக்குக் கீழ்ப்பல் முன்னால் நின்றால் அது குள்ளக் குட்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் கொஞ்சம் நிலம் வாங்கி, பிள்ளைகளுக்காக ஒரு மினியேச்சர் பெட்டைக் குதிரையை நான்கு மாத ஆண் குட்டியோடு வாங்கியிருக்கிறீர்கள். குட்டியின் கீழ்வரிசை முன்பற்கள் மேல்வரிசையைத் தாண்டி முன்னால் நிற்கின்றன, நெற்றியும் புடைத்தாற்போல் இருக்கிறது. விற்றவர் ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்கிறார். படத்தைப் பார்த்த இன்னொருவர் ‘இது குள்ளத்தன்மை உள்ள குட்டி, இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், பெட்டை அதே ஆண் குதிரைக்கு மறுபடி சினையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல்லைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, இந்த நாட்டில் பதினெட்டு ஆண்டுகளாகக் குதிரைகளைப் பார்த்துவருகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று மினியேச்சர் குதிரைகளின் வாயையாவது திறந்து பார்க்காமல் போவதில்லை. அப்படியிருந்தும் ஒரு படத்தை வைத்து உங்கள் குட்டி குள்ளம்தான் என்றோ இல்லையென்றோ நான் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் படத்தில் குட்டி புல்லை நோக்கித் தலையைக் குனிந்திருக்கிறது. குதிரை தலையைக் குனிந்தால் கீழ்த்தாடை சற்று முன்னால் நழுவும், தலையைத் தூக்கினால் பின்னால் போகும். ஆகவே குனிந்த தலையில் எடுத்த படம் கீழ்ப்பல்லை உள்ளதைவிட அதிகமாக முன்தள்ளிக் காட்டும்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், குட்டி நின்றபடி தலையை இயல்பான உயரத்தில் வைத்திருக்கும்போது பாருங்கள். ஒருவர் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, வாயைத் திறக்காமல், இரண்டு கட்டைவிரல்களால் மேலுதட்டையும் கீழுதட்டையும் மட்டும் விலக்குங்கள். பற்கள் கடித்தபடி இருக்க வேண்டும். நான்கு மாதத்தில் மேலே நான்கு, கீழே நான்கு பால்பற்கள் தெரியும். நடுப்பற்கள் பிறந்த முதல் வாரத்திலும், அவற்றுக்கு அடுத்தவை ஒரு மாதம் ஒன்றரை மாதத்திலும் வந்திருக்கும். ஓரப்பற்கள் ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும், மினிகளில் இன்னும் சற்றுத் தாமதமாகும். மேல்பல்லின் முன்முகத்துக்கும் கீழ்ப்பல்லின் முன்முகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கேயாவது ஒன்றையொன்று தொடுகின்றனவா, தொடவே இல்லையா என்பதையும் குறித்துவையுங்கள். தூரத்தைவிட இந்தத் தொடுதல்தான் எனக்கு அதிகம் சொல்லும்.

ஏனென்றால், பற்கள் ஓரத்திலாவது ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தால் இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூடவே வளர வாய்ப்பு உண்டு. ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்த குட்டிகள் ஒரு வயதுக்குள் தானாகச் சரியானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மினி குட்டிகளின் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், ஒரே நிலையில் நிற்பதில்லை. இந்த மாதம் ஒத்திருக்கும், இரண்டு மாதம் கழித்துச் சற்று விலகும். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் பால்பல் விழுந்து நிலைப்பல் வரும்போது மறுபடி மாறும். விற்றவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் மேல்பற்கள் முழுவதுமாகக் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் போய் அடைபட்டுவிட்டால், கீழ்வரிசை வேலி போட்டதுபோல் மேல்தாடையை முன்னால் வரவிடாது. அப்படிப்பட்ட குட்டி தானாகச் சரியாகி நான் பார்த்ததில்லை. மாதம் ஆக ஆக விலகல் கூடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது குள்ளத்தன்மைக்கு வருவோம். மினியேச்சர் குதிரையே சிறியதுதானே, அதில் குள்ளம் என்பது என்ன என்று பலர் கேட்பார்கள். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 1978-இல் தொடங்கியது. பிடரிமயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் விதி, அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். அந்த 34 அங்குலத்துக்குள் ஒரு முழுக் குதிரையின் அளவுப் பொருத்தம் இருக்க வேண்டும்: கால், கழுத்து, தலை எல்லாம் பெரிய குதிரையைத் தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் அமைய வேண்டும். குள்ளத்தன்மையில் இந்தப் பொருத்தம்தான் குலைகிறது. உயரம் குறைவதால் மட்டும் ஒரு குதிரை குள்ளம் ஆகிவிடாது. கின்னஸ் பதிவில் உலகின் மிகச் சிறிய குதிரை என்று இடம்பெற்ற தம்பெலினா, மிசௌரியில் வளர்ந்த பெட்டை, 44.5 சென்டிமீட்டர்தான் உயரம். அவள் குள்ளத்தன்மையோடு பிறந்த மினி. படங்களில் எல்லோரும் ரசித்த அந்தச் சின்ன உருவத்துக்குக் கீழே கால் எலும்புகள் உடம்புக்கு ஈடாக வளராமல் நின்றுபோயிருந்தன.

எலும்பு ஏன் அப்படி நிற்கிறது என்பது மினிகளில் ஓரளவு தெளிவாகவே தெரிந்துவிட்டது. நீண்ட எலும்புகள் முனைகளில் உள்ள குருத்தெலும்புத் தகட்டிலிருந்து வளர்கின்றன. அந்தக் குருத்தெலும்புக்கு மெத்தை போன்ற தன்மையைத் தரும் புரதம் அக்ரிகன். அதைச் செய்யும் மரபணுவின் பெயர் ஏசிஏஎன். கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மினியேச்சர் குதிரைகளில் இந்த மரபணுவில் நான்கு பழுதுகளைக் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். டி1, டி2, டி3, டி4 என்று அவற்றை அழைக்கிறோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய். ஒரே ஒரு பிரதி இருக்கும் குதிரை பார்க்க மற்ற மினிகளைப் போலவே இருக்கும், கண்காட்சியில் பரிசுகூட வாங்கும். அதைத்தான் கேரியர் என்கிறோம். இரண்டு பிரதிகளும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. தாயிடம் டி1, தந்தையிடம் டி3 இருந்தாலும் குட்டிக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால் அதுவும் நோய்தான். இதைச் சொல்லக் காரணம், ‘என் குதிரைக்கு டி2 மட்டும்தான், ஆண் குதிரைக்கு டி4தான், வேறு வேறு என்பதால் பரவாயில்லை’ என்று வளர்ப்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். டி1 இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் கரு பெரும்பாலும் உயிரோடு பிறப்பதில்லை. காரணம் தெரியாத கருச்சிதைவு என்று வளர்ப்பவர்கள் எழுதிவைத்தவற்றில் சில இதுவாக இருக்கலாம்.

பல்லுக்கும் இந்தக் குருத்தெலும்புக்கும் என்ன தொடர்பு? மண்டையோட்டின் அடித்தளமும் முகத்தின் நடுப்பகுதியும் முன்னோக்கி வளரக் குருத்தெலும்பு வேண்டும். நெற்றியின் மேல்மூடி அதை நம்பி வளர்வதில்லை, கீழ்த்தாடையின் பெரும்பகுதியும் அப்படியே. ஆகவே குருத்தெலும்பு தளரும்போது முகத்தின் நடுப்பகுதி குட்டையாக நின்றுவிடும், நெற்றி முன்னே புடைக்கும், கீழ்த்தாடை தன் போக்கில் வளர்ந்து முன்னால் வந்து நிற்கும். கீழ்ப்பல் துருத்துவதைப் பார்த்ததும் எல்லோரும் கீழ்த்தாடை நீண்டுவிட்டது என்கிறார்கள். பெரும்பாலான மினிகளில் குறை மேல்தாடையில்தான், அது போதிய அளவு வளரவில்லை. மூக்குத் துளைகள் முகத்தில் மேலேறி நிற்பதும், மூக்குத்தண்டு பள்ளமாக அமுங்கியிருப்பதும் இதனால்தான்.

இப்போது உங்கள் குட்டியைப் பாருங்கள். நெற்றிப் புடைப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மினி குட்டிகள் பலவற்றுக்கும் உருண்டை நெற்றி இயல்பு. நான் முதலில் டேப்பை எடுப்பேன். தரையிலிருந்து முழங்கை வரை ஓர் அளவு, முழங்கையிலிருந்து தோள் மேட்டின் உச்சி வரை இன்னோர் அளவு. இயல்பான குட்டி எல்லாம் காலாகவே இருக்கும்: முதல் அளவு இரண்டாவதைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தாலோ கால் குறைவாக இருந்தாலோ எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் உச்சந்தலையிலிருந்து மேலுதடு வரை உள்ள தலை நீளத்தைக் கழுத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்முட்டிகள் உள்ளே வளைகின்றனவா, பின்கால்கள் மூட்டில் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, நடக்கும்போது பின்கால் முட்டிச் சில்லு பக்கவாட்டில் நழுவிக் கால் மடிந்துவிடுகிறதா, நாக்கு வெளியே தொங்குகிறதா, பால் குடித்ததும் மூக்கில் பால் வழிகிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அண்ணத்தில் பிளவு இருக்கலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், பால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிறு தொங்குவது குள்ளத்தின் அடையாளம் என்பார்கள். குடற்புழுவாலும் புரதக் குறைவாலும் தொங்கும் வயிறுகளே நான் பார்த்தவற்றில் அதிகம். சாணியைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுத்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் படத்தில் எனக்குத் தெரிந்தவரை கால்கள் நீளமாக இருக்கின்றன. மூக்குத் துளைகளும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அது மனதுக்குத் தெம்பு தருகிறது. ஆனால் தெம்பை நம்பி விட்டுவிட வேண்டாம். பல் கோணல் மட்டும் இருந்து உடம்பு சரியாக அமைந்த மினிகள் ஏராளம், அவற்றைக் குள்ளம் என்று ஒதுக்குவது அநியாயம். அதே சமயம் லேசான வடிவத்தில் குள்ளத்தன்மை இருந்து, பல் கோணலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் வளர்ந்துவிடும் குட்டிகளும் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாத இந்த இடத்தில்தான் சோதனை தேவைப்படுகிறது.

சோதனை எளிது. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ இருபது முப்பது முடிகளை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு அனுப்ப வேண்டும். கத்தரித்த முடியில் வேர் இருக்காது, பயன்படாது. விரலில் நான்கைந்து முடிகளைச் சுற்றி, தோலுக்குப் பக்கத்தில் பிடித்து, வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தால் நுனியில் வெள்ளையாகச் சின்ன முத்துப்போல் வேர் தெரியும். குட்டியின் முடி பஞ்சுபோல் மெல்லியதாக இருப்பதால் வேர் சரியாக வராமல் போகலாம், வால் முடி நல்லது. ஒரு குதிரையின் முடி மற்றதோடு கலக்காமல் தனித்தனி உறையில் வையுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள கால்நடை மரபியல் ஆய்வகம் இந்த நான்கு பழுதுகளையும் பார்க்கிறது. குட்டிக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்தாமல் பெட்டைக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஏன் என்பது கீழே தெரியும். ஒரு வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தச் சோதனை நான்கு பழுதுகளை மட்டும் தேடுகிறது. நான்கும் இல்லை என்று வந்தால் இந்த நான்கு பழுதுகளால் வரும் குள்ளத்தன்மை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எலும்பு வளர்ச்சிக் கோளாறு எதுவுமே இல்லை என்ற அளவுக்கு அதை நீட்ட முடியாது. ஷெட்லண்ட் மட்டக்குதிரைகளிலும் மினிகளிலும் ஷாக்ஸ் என்ற வேறொரு மரபணுப் பகுதி அறுபட்டுப்போய்க் கால்கள் குட்டையாகிக் கோணும் நோய் ஒன்று உண்டு, அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. அதேபோல் வெறும் பல் கோணல் எப்படிப் பரம்பரையில் இறங்குகிறது என்பதற்கு இப்படி ஒரு முடிச் சோதனை கிடையாது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதை எல்லோரும் பார்க்கிறோம், ஒரே மரபணுவில் அதைக் கட்டிப்போட முடியவில்லை.

இனி பல்லுக்கு என்ன செய்வது. குதிரையின் தாடைக்கும் கம்பி கட்டலாம். குட்டிக்கு முழு மயக்கம் கொடுத்து, கன்னத்தில் சிறு கீறல் போட்டு, முன்பற்களையும் கடைவாய்ப் பால்பற்களையும் துருப்பிடிக்காத கம்பியால் இணைத்து, அந்தத் தாடையின் வளர்ச்சியை மட்டுப்படுத்தி, மற்றத் தாடை எட்டிப்பிடிக்க நேரம் கொடுப்பது இதன் வழி. மேல்பல் முன்னால் துருத்தும் குட்டிகளில், கிளியின் அலகு மாதிரி என்பார்களே, அதில் இது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் குட்டியைப் போல் கீழ்ப்பல் முன்னால் நிற்பதில் பலன் குறைவு. வளராமல் நிற்பது மேல்தாடை என்பதால், கீழ்த்தாடையைக் கட்டிப்போட்டாலும் மேல்தாடை எட்டிப்பிடிக்கும் என்ற நிச்சயம் இல்லை. செய்வதானால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஒரு வயதில் வந்து கேட்டால் நான் செய்வதில்லை. நான்கு மாதம் என்கிறீர்கள், ஆகவே ‘வளரட்டும், பார்ப்போம்’ என்று காத்திருக்க இது நேரமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் சொன்ன மாதிரி அளந்து எழுதுங்கள். விலகல் கூடுகிறது, பற்கள் தொடுவதில்லை என்றால் குதிரைப் பல் மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். விலகல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்து, பற்கள் எங்கேயாவது தொட்டுக்கொண்டிருந்தால் நான் கம்பி கட்ட மாட்டேன். முழு மயக்கம் ஒரு மினி குட்டிக்குச் சின்ன விஷயம் இல்லை.

கம்பி கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவனுக்குக் காயடித்துவிடுங்கள். கடியைச் சரிசெய்துவிட்டு அந்தக் குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடுவது, குறையைப் பல்லில் மறைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுவதுதான். தாடையைத் திருத்த ஒப்புக்கொள்ளும் முன் இந்த உறுதியைக் கேட்கும் மருத்துவர்கள் பலர். நானும் கேட்கிறேன்.

இனி வருவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. முன்பல் கோணினால் அழகு கெடுகிறது, கண்காட்சியில் மதிப்பெண் போகிறது. குதிரைக்கு நோவு வருவது பெரும்பாலும் பின்னாலிருந்து. முன்பல் விலகியிருந்தால் கடைவாய்ப்பல் வரிசைகளும் பெரும்பாலும் நழுவியிருக்கும். குதிரையின் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், எதிர்ப்பல் உரசித் தேய்ப்பதால்தான் மட்டமாக நிற்கிறது. எதிர்ப்பல் இல்லாத இடத்தில் அது கொக்கிபோல் நீளும். உங்கள் குட்டியைப் போன்ற கடியில் கீழ்வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லிலும் மேல்வரிசையின் கடைசிப் பல்லிலும் கொக்கி வளரும். முதல் கொக்கி கண்ணுக்குத் தெரியும். கடைசிப் பல்லில் வளர்வது விளக்கும் கண்ணாடியும் இல்லாமல் யாருக்கும் தெரியாது. மினிகளில் இன்னொரு சிரமம், தலை சிறுத்த அளவுக்குப் பல் சிறுக்கவில்லை. சின்ன வாய்க்குள் பெரிய பற்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. இரண்டரை வயதிலிருந்து நாலு வயது வரை கீழ்த்தாடையின் அடியில் கோலிக்குண்டு போல மேடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிலைப்பல் வரும் வேர்மேடுகள் அவை. சூடாகவோ ஒருபக்கமாகவோ சீழோடோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஐந்து வயது மினி பெட்டை ஒன்றை நினைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். கீழ்ப்பல் ஒரு விரல் அகலம் முன்னால் நின்றிருந்தது. முன்பற்களை இரண்டு முறை அராவிச் சமப்படுத்தியிருந்தார்கள், கடைவாயை யாரும் பார்க்கவில்லை. கொட்டிலில் தொட்டிக்கு அருகே பச்சையாக, கயிறு திரித்தாற்போல், பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தன. வீட்டுக்காரர்கள் அதை அவளுடைய சேட்டை என்று நினைத்திருந்தார்கள். மெல்ல வலித்ததால் துப்பியிருக்கிறாள். நான் போனபோது இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. இரத்தம் எடுத்த குழாயை வண்டியின் முன்தட்டில் நிறுத்திவைத்துவிட்டு அவள் இதயத்துடிப்பைக் கேட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சிவப்பு அடியில் இறங்கி, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் மோர்போல் வெளுத்திருந்தது. முழுக்கக் கொழுப்பு. மினிகளும் மட்டக்குதிரைகளும் கழுதைகளும் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பைக் கட்டுப்பாடில்லாமல் இரத்தத்தில் கரைத்துவிடும். கல்லீரல் தாங்காது, சில நாளில் உயிர் போய்விடும். அன்று இரவே குளுக்கோஸ் ஏற்றி, மூக்குவழிக் குழாயில் கஞ்சியாகக் கரைத்த தீவனம் விட்டு, மூன்றாம் நாள் கொக்கிகளை அராவினோம். பிழைத்துக்கொண்டாள். வாயில் தொடங்கிய ஒரு கொக்கி அவளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தது.

ஆகவே கடி சரியில்லாத மினிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியோடு, கடைசிப் பல் வரை பார்த்து அராவ வேண்டும். பெரிய குதிரைக்கான அரத்தை இந்தச் சின்ன வாயில் நுழைப்பவரிடம் கொடுக்காதீர்கள், கன்னமும் ஈறும் கிழிந்துவிடும். தின்பதை நீங்களே கவனிக்கலாம்: எச்சில் உருண்டைகள், சாணியில் விரல்நீளப் புல் தண்டுகள், ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்வது, வாய் நாற்றம். உடம்பைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டாம். குளிர்கால முடிக்குள் விலா எலும்பு துருத்தியிருப்பது தெரியாது, கையை முடிக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். கடைவாய் வலுவாக இருக்கும்வரை கோணல் முன்பல்லோடு அவன் உலர்புல்லை நன்றாகவே தின்பான். மிகக் குட்டையாக வெட்டிய புல்தரையில் மட்டும் சிரமப்படுவான், அங்கே முன்பல் கத்தரிபோல் சேர வேண்டும்.

அவன் குள்ளம் என்றே சோதனையில் வந்துவிட்டால்? ‘செலவு செய்யாதீர்கள்’ என்றவரோடு நான் உடன்படவில்லை. லேசான வடிவமாக இருந்து, மூச்சுத் திணறல் இல்லாமல், நான்கு காலில் வலியின்றி நடந்தால் அவன் பல வருடம் உங்களோடு வாழலாம். குளம்பை ஆறு வாரத்துக்கு ஒருமுறை சமன்செய்ய வேண்டும், எடை கூடவிடக் கூடாது, மூட்டுவலிக்கு முன்கூட்டியே கவனம் வேண்டும். கால் வளைவுக்குக் காலக்கெடு உண்டு: கணுக்கால் மூட்டு வளைவைத் திருத்த முதல் இரண்டு மாதம்தான், அது உங்களுக்குப் போய்விட்டது. முன்முட்டி வளைவுக்கு ஆறு மாதம் வரை இடமிருக்கிறது. மாறாக, மூச்சுவிடவே போராடும், எழுந்து நிற்கவே அழும் குட்டிகளும் பிறக்கின்றன. அவற்றை வலியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை அன்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் குட்டி ஓடித் திரிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கேள்வி உங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கடைசி வரி. குட்டி போட்ட ஒன்றிரண்டு வாரத்திலேயே பெட்டையை மறுபடி சேர்த்திருப்பார்கள், அப்படித்தான் வழக்கம். அப்படியானால் அவள் இப்போது மூன்றரை மாதச் சினை. குட்டியின் சோதனை முடிவில் இரண்டு பழுது என்று வந்தால் தாயும் தந்தையும் கேரியர் என்பது உறுதி. வயிற்றில் இருப்பதற்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒருமுறை வந்துவிட்டது, இனி மூன்று முறை வராது என்ற கணக்கு இங்கே கிடையாது, ஒவ்வொரு சினைக்கும் அதே நான்கில் ஒன்று. குட்டியில் ஒரே பழுது என்று வந்தால் பெற்றோரில் ஒருவராவது கேரியர், மற்றவரைப் பற்றி இன்னும் தெரியாது. பெட்டையின் சோதனையில் நான்கும் இல்லை என்று வந்துவிட்டால், ஆண் குதிரை எதுவாக இருந்தாலும் இந்த வகைக் குள்ளம் பிறக்காது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவளையும் சேர்த்து அனுப்பச் சொன்னது அதற்காகத்தான். ஆண் குதிரையின் சோதனை முடிவை விற்றவரிடம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், இந்தச் சினைக்குப் பிறகு அந்தக் குதிரையோடு சேர்க்க வேண்டாம்.

அவள் கேரியர் என்றால் இப்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். மினிகளில் பிரசவச் சிக்கல் பெரிய குதிரைகளைவிட அதிகம், நெற்றி புடைத்த பெரிய தலையுள்ள குட்டி என்றால் இன்னும் கூடும். சேர்த்த தேதியை விற்றவரிடம் எழுத்தில் வாங்கி, அதிலிருந்து 300 நாளை எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள். அன்று முதல் இரவில் யாராவது கொட்டிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கூப்பிட்டால் வரும் மருத்துவரின் எண் சுவரில் இருக்க வேண்டும். இரண்டாவது, அவள் இப்போது வயிற்றில் ஒன்று, மடியில் ஒன்று என்று இரண்டு உயிருக்குத் தீனி கொடுக்கிறாள், இடமும் மாறி வந்திருக்கிறாள். இரத்தம் மோர்போல் வெளுக்கும் என்றேனே, அதற்கு முதலில் ஆளாகிறவள் இப்படிப்பட்ட பெட்டைதான். ஒரு வேளை தீனியைத் தொடவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். குட்டியின் பல்லைப் பார்க்க மருத்துவர் வரும் அன்றே அவள் வாயையும் கடைசிப் பல் வரை பார்க்கச் சொல்லுங்கள். அளவுகளும் சோதனை முடிவும் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், தலை நிமிர்ந்து நிற்கும் பக்கவாட்டுப் படம் ஒன்றோடு.